நெற்றியில் ஏறிய கண்

சிந்துபாத்தின் மூன்றாம் பயணத்தில் வரும், மனிதரைத் தின்னும் அரக்கனுக்கு எத்தனை கண்கள்? அரபு பயிலும் மாணவரிடம் கேட்டால், ‘நெற்றி நடுவே ஒன்று’ என்பார் பலர். தஜ்ஜாலுக்கு எத்தனை என வினவினாலும் அதே விடையே வரும். இரண்டும் பிழை, இரண்டும் ஓரிடத்திலிருந்து வந்த பிழை.

அவ்விடம் பண்டைக் கிரேக்கம். ‘சைக்ளோப்ஸ்’ என்பதற்கு வட்டக் கண்ணர் என்பது பொருள். நெற்றி நடுவே ஒரே கண் உடையோர் என அவர்களை வருணிக்கிறார் ஹெஸியட். ஹோமரின் ஒடிஸி ஒன்பதாம் காண்டத்தில், பாலிஃபீமஸ் என்னும் சைக்ளோப்ஸின் குகையில் ஒடிஸியஸ் அகப்படுகிறான். தோழர் அறுவரைத் தின்ற அவனை மதுவால் மயக்கி, தீயில் காய்ச்சிய ஒலிவமரக் கழி ஒன்றினால் குருடாக்குகிறான்.

சிந்துபாத்தும் தோழரும் தப்புவது ஏறத்தாழ இவ்வாறே. ஆதலால் அரபுக் கதையைக் கிரேக்கத்தின் நகல் என்பாருளர். கதைக்கரு மொழிவிட்டு மொழி சென்றிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. எனினும் 1835இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வெளியிட்ட அரபுப் பதிப்பில், அரக்கனுக்குக் கொள்ளிக்கட்டை போன்ற இரு கண்கள் உள்ளன. அவற்றைக் குத்த எடுக்கப்படுவனவும் இரண்டு இரும்புக் கம்பிகளே. 1704 முதல் அந்துவான் கலான் வெளியிட்ட பிரெஞ்சு ஆக்கத்திலோ நெற்றியில் ஒற்றைக் கண் எரிகிறது. ஐரோப்பாவில் முதலில் பரவியது அந்நூலே. நம் இல்லத்துக் கதையை நாம் அயலார் கண்ணாடியில் பார்த்து வருகிறோம்.

கதையோடு நின்றிருந்தால் இதனைச் சுவைப்பிழை என விட்டுவிடலாம். ஆனால் அதே ஓவியம் நம்பிக்கை சார்ந்த செய்தியின்மீதும் ஒட்டிக்கொண்டது. தஜ்ஜாலைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய சொல் ‘அஃவர்’ என்பது. இரு கண்களுள் ஒன்று பழுதுபட்டவனையே அரபு மொழி அவ்வாறு அழைக்கும். பழுதானது வலக்கண் என்றும் இடக்கண் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒரு கண் ஒளியிழந்தது, மற்றது புடைத்தது என இரண்டையும் இணக்கிக் காட்டும் காழீ இயாழின் விளக்கத்தை இமாம் நவவீ எடுத்தாள்கிறார். இதில் நெற்றிக்கு இடமே இல்லை. தன் கண்ணின் குறையையே நீக்கிக்கொள்ள இயலாதவன் இறைமை கோருவது பொய் என்பதே அச்செய்தியின் உயிர். அவனைப் பூதமாக வரைந்தால் எச்சரிக்கை வேடிக்கையாகிவிடும்.

இப்பிழையால் மனிதரும் புண்படுகின்றனர். கண்நோய் தீர வேண்டி, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடிக்கு வருவோரை இவ்வட்டாரத்தார் அறிவோம். பட்டாசு விபத்தில் ஒரு கண் இழந்தோரையும் அறிவோம். அத்தகையவரைப் பார்த்து ‘தஜ்ஜால்’ எனச் சிறுவர் நகைத்தால், அக்குற்றம் கற்பித்த நம்முடையது. முகீரா இப்னு ஷுஃபா (ரலி), அபூ சுஃப்யான் (ரலி) ஆகியோரும் கண் இழந்தோரே. குறை எவரையும் அரக்கராக்குவதில்லை. பொய்யான உரிமைகோரலே ஒருவனைத் தஜ்ஜாலாக்குகிறது.

ஆசிரியர்கள் செய்யவேண்டியது எளிது. படத்தை மூடிவிட்டு, ‘அஃவர்’ என்னும் சொல்லுக்கு அகராதியைத் திறந்தால் போதும்.