நகரம்: உவமையும் உருவகமும்

பூங்காக்களை நகரின் நுரையீரல் என்பர். சாலைகளைக் குருதிக் குழாய்கள் என்பர். நகரம் ஓர் உயிர் என்னும் இப்பேச்சு புலவர் கற்பனைபோல் தோன்றலாம். ஆயினும் நகரமைப்பு வரலாற்றில் மக்களின் வீடுகளைக் காக்கவும் அழிக்கவும் இப்பேச்சுக்கு ஆற்றல் இருந்திருக்கிறது. ஆதலின் இதனை மதிப்பிடுதல் வேண்டும்.

உயிர்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறைக்கு 1866-இல் ஜெர்மன் அறிஞர் ஹெக்கல் பெயர் சூட்டினார். அத்துறையின் கருத்துகள் நகரமைப்பினுள் புகுந்த வழிகளுள் இரண்டு ஒப்பிடத்தக்கவை.

முதலாவது, பேட்ரிக் கெடிஸ் (1854–1932) காட்டிய வழி. ஸ்காட்லாந்தினரான இவர் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் பயின்றவர். டண்டீயில் தாவரநூற் பேராசிரியராய் விளங்கியவர். ஒரு செடியை அறிய விரும்புவோன் அது நிற்கும் மண்ணையும், பெறும் நீரையும், அண்டையில் வளரும் செடிகளையும் முதலில் காண்பான். நகரையும் அவ்வாறே கண்டறிந்த பின்னரே திட்டம் வரைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் திரட்டிய நகரக் கண்காட்சிப் பொருள்களை இந்தியாவுக்கு ஏற்றிவந்த கப்பலை 1914-இல் எம்டன் மூழ்கடித்தது. அதே ஆண்டில் பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கியதும் அந்த எம்டனே. ஆயினும் பொருள்களை மீண்டும் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார் கெடிஸ்.

தஞ்சை, மதுரை முதலிய நகரங்களின் தெருக்களில் நடந்து பார்த்து அவர் அறிக்கைகள் எழுதினார். நெருக்கம் தீர்க்க வேண்டுமெனில் குடியிருப்பின் நடுவே அகன்ற நேர்ச்சாலை வெட்டுவதே அக்காலப் பொறியாளர் வழக்கம். கெடிஸோ, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கிச் சிறு வெளிகள் அமைத்து, மரம் நட்டு, எஞ்சியவற்றைப் பழுதுபார்க்கச் சொன்னார். செலவும் குறையும், குடிகளும் இடம்பெயரார். இதிலும் குறை உண்டு: எந்த வீடு பாழ் என்று முடிவு செய்யும் உரிமை குடியிருப்போனிடம் இல்லை, திட்டம் வகுப்போனிடமே நின்றது.

இரண்டாவது, சிக்காகோ பல்கலைக்கழக அறிஞர்களின் வழி. ராபர்ட் பார்க், எர்னஸ்ட் பர்ஜஸ் முதலியோர் 1925-இல் வெளியிட்ட ‘நகரம்’ என்னும் நூல் நகர ஆராய்ச்சிக்குப் பெருந்தொண்டு செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு செடியினம் நின்ற இடத்தில் வேறோர் இனம் படையெடுத்துப் புகுந்து, பின் அதன் இடத்தைப் பெறும் என்னும் தாவரநூற் கருத்தை அவர்கள் குடியிருப்புகளுக்கும் ஏற்றினர். நகரம் நடுவிலிருந்து வளையம் வளையமாக விரியும் என்று பர்ஜஸ் படம் வரைந்தார்.

படம் வரைவதில் தீங்கில்லை. அதனை இயற்கை விதியாகக் கொண்டதே தீங்கு. சிக்காகோவில் பயின்ற ஹோமர் ஹாய்ட் 1933-இல், நிலமதிப்பைப் பாதிக்கும் வகையில் இனங்களை வரிசைப்படுத்தினார். 1934-இல் அமைந்த கூட்டரசு வீட்டுக்கடன் காப்புறுதித் துறையில் அவர் பணியும் ஏற்றார். பிற இனத்தார் ‘புகுதல்’ கடனுக்கு ஆபத்து என அத்துறையின் கையேடு எச்சரித்தது. விதையைச் சுமப்பது காற்று. கறுப்பின மக்களை ஒரு வட்டாரத்துள் அடைத்தவையோ வீட்டுப் பத்திரங்களும் கடன் விதிகளும். இயற்கை செய்ததாயின், அதனை மாற்ற 1948-இல் நீதிமன்றத் தீர்ப்பும் 1968-இல் சட்டமும் எதற்கு?

தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். உவமையில் ‘போல’ என்னும் உருபு நின்று, பொருள் வேறு, உவமை வேறு என்பதை நினைவூட்டும். உருவகத்தில் அவ்வுருபு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். கெடிஸ் நகரை உயிர்போலக் கண்டு, கண் திறந்து நோக்கக் கற்றார். சிக்காகோவின் கருத்தை ஆட்சிக்குக் கொண்டு சென்றோர் உருபைத் தொலைத்தனர். மனிதர் செய்த தவறு இயற்கையின் செயலாயிற்று. இந்நாளில் சூழலியல் நகரம் என்று பேசுவோர், அச்சிறு ‘போல’வைக் கைவிடாதிருத்தல் நன்று.