பனிக்குத் தைத்த தோல் கோட்டை எப்படி ரசிப்பது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. ஷூ, செருப்போடு தோல் பொருட்களின் வடிவமைப்பும் அங்கே பாடம். அந்த ஊர் வெயிலில் தோல் கோட்டு போட யாருக்கும் மனசு வராது. ஆனாலும் வெளிநாட்டுக் குளிருக்கான தோல் உடைகளைத் தமிழ்நாடு வெகுகாலமாகத் தைத்து அனுப்பிவருகிறது. பிள்ளைகள் குளிர்தேசத்திலிருந்து போட்டுக்கொண்டு வரும் கோட்டை, "என்னா கனம்!" என்று மாட்டிவைப்பதோடு நம் ரசனை முடிந்துவிடுகிறது. ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

டியூப்லைட்டில் எல்லாக் கோட்டும் அழகுதான். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள். வெள்ளாட்டுத் தோலில் மயிர்க்கால் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். செம்மறியில் இன்னும் நுணுக்கமாக இருக்கும். முள் கீறிய தழும்பு ஒன்றிரண்டு தென்பட்டால் முகம் சுளிக்க வேண்டாம். சாயத்தை உள்ளே ஊறவிட்டு மேலே மெல்லிய பூச்சோடு நிறுத்திய தோலில்தான் அது தெரியும். தழும்பு மிகுந்த தோலைத் தேய்த்துச் சமப்படுத்தி, கெட்டியாக நிறம் பூசி மறைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டது கறையையும் தூறலையும் நன்றாகத் தாங்கும். தொட்டால் மட்டும் ரெக்சின் ஞாபகம் வரும். என் ஓட்டு தழும்புக்கே. ஈரமான வெள்ளைத் துணியால் உள்மடிப்பில் லேசாகத் தேய்த்தும் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் கடைசிக்கட்ட வேலை சரியில்லை.

அடுத்து கட்டிங். வேலைக்காரரின் கண் தெரிவது இங்கேதான். ஒரே ஆட்டின் தோலிலும் முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப்பக்கம் தளர்ந்து இழுபடும். ஒரு ஜாக்கெட்டுக்கே பல ஆட்டுத்தோல்கள் வேண்டும். ஒன்றின் நிறம்போல் இன்னொன்று இருக்காது. நல்ல கட்டிங் மாஸ்டர் எல்லாவற்றையும் விரித்துப்போட்டு ஜோடி சேர்ப்பார். முன்பக்கத்து இரு துண்டுகளையும் முதுகுப்பகுதியில் எடுப்பார். தளர்ந்த தோலைக் காலரின் அடிப்பக்கம் போன்ற மறைவிடங்களுக்குத் தள்ளுவார். ஆகவே கோட்டை மேசையில் விரித்து, இடது மார்பையும் வலது மார்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு இரண்டு கைகளையும்.

துணியில் தையல் பிசகினால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய துளை அப்படியே நிற்கும். அதனால் குண்டூசி கிடையாது, கிளிப்பும் பசையும்தான். துளைகள் நெருங்கிவிட்டால் தபால்தலை ஓரம்போலத் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். எனவே சட்டைத் தையலைவிட இதில் தையல் நீளமாக இருப்பது சோம்பேறித்தனம் அல்ல. ஓரத்தை உள்பக்கம் சீவி மெலிதாக்குவதை ஸ்கைவிங் என்பார்கள். சீவி, பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டுவார்கள். காலர் நுனியில் தோல் பல அடுக்காகச் சேரும். அங்கே கட்டைவிரலை ஓட்டுங்கள். கட்டி தட்டினால் சீவுவதில் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

குளிரைப் பொறுத்தவரை தோல் காற்றைத்தான் தடுக்கும். சூட்டைப் பிடித்துவைப்பது உள்ளே வைத்துத் தைத்த மெத்துத்துணி, அல்லது செம்மறித்தோலின் உள்பக்கம் விட்டுவைத்த கம்பளி மயிர். லைனிங்கின் முதுகில் ஒரு மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கையை முன்னே நீட்டும்போதெல்லாம் தையல் இழுபடும்.

தோல் எதில் பதனிட்டது என்று முகர்ந்தும் பார்க்கலாம். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் 'ஈஸ்ட் இந்தியா' தோல் நம்முடைய பழைய தொழில். புவிசார் குறியீடும் பெற்றது. மெத்தென்ற கோட்டுத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. தோல் தொழிலின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமே பதிவு செய்திருக்கிறது. கோட்டு வாங்கும்போது, தோல் எங்கே பதனிட்டது, கழிவுநீர் எங்கே போனது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஊருக்குக் கொண்டுவந்த கோட்டை மட்டும் பாலித்தீன் உறையில் போட்டு பீரோவில் பூட்டிவிடாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அகலமான ஹாங்கரில், பருத்தித் துணி போர்த்தி, காற்று படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.