எண்ணில் அடங்குமா நோய்?

திருக்குறளின் 95ஆம் அதிகாரமான 'மருந்து', நோய் செய்வதாக நூலோர் எண்ணிய மூன்றைச் சொல்லித்தான் தொடங்குகிறது. நோயை வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்பதுதான் புதிது. 1893இல் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் தந்த இறப்புக் காரணப் பட்டியலே வளர்ந்து, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் 'ஐ.சி.டி.' ஆனது. அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவ ஆவணத் துறையில் மூன்று கருவிகள் உண்டு. நம் சமையலறையை வைத்தே சொல்லிவிடலாம். ஐ.சி.டி. போன்ற வகைப்பாடு, அஞ்சறைப்பெட்டி. எதுவும் ஓர் அறையில்தான் போகும். எதிலும் சேராததற்கு 'பிற' என்று ஓர் அறை. சொற்றொகுதி என்பது, மல்லி என்றாலும் தனியா என்றாலும் பொருள் ஒன்றே எனக் குறித்து வைப்பது. மூன்றாவது ஆன்டாலஜி: விதையும் இலையும் ஒரே செடியின் வெவ்வேறு உறுப்புகள் என உறவைச் சொல்வது. வடக்கே 'தனியா' கேட்டால் இலையும் வரும், விதையும் வரும். இந்த வேறுபாட்டின் அருமை வெளிமாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு நன்றாகவே தெரியும்!

சரி, இதனால நமக்கென்ன? ஊரிலிருந்து வந்த அம்மா "மயக்கமா வருது" என்கிறார். மகன் டாக்டரிடம் இந்தியில் "சக்கர்" என்கிறார். அம்மா சொன்னது தலைசுற்றலா, நினைவு தப்புவதா, தூக்கக் கலக்கமா? ஐ.சி.டி. 10ஆம் பதிப்பில் இவை முறையே ஆர் 42, ஆர் 55, ஆர் 40. மூன்றுக்கும் தேட வேண்டிய காரணங்கள் வேறு. கோப்பில் ஆர் 42 என்று ஏறியபின் சந்தேகம் இருந்த சுவடே இருக்காது.

என் விமர்சனம் இதுதான்: எண்ணுவதற்காகச் செய்த கருவியை, கேட்பதற்கான கருவியாக எடுத்துக்கொள்கிறோம். எத்தனை பேருக்கு என்ன நோய் என்று அரசுக்குத் தெரிய வகைப்பாடு அவசியம். அதில் குறை சொல்ல மாட்டேன். நோயாளியின் சொல்லைக் காக்க வேண்டியது சொற்றொகுதி. அமெரிக்க, பிரிட்டிஷ் தொகுதிகள் இணைந்து 2002இல் உருவான 'ஸ்னோமெட் சி.டி.'யில் மாரடைப்பின் எண் 22298006. அந்த ஒரே எண்ணின் கீழ் பல மொழிப் பெயர்களைச் சேர்க்கலாம். இந்தியா 2014 முதல் அதில் உறுப்பு நாடு. கருவி கையில் இருக்கிறது. மக்கள் பேசும் தமிழை அதில் சேர்ப்பதே வேலை.

2024 ஜனவரி 10இல் புதுதில்லியில், ஐ.சி.டி. 11இல் சித்த மருத்துவத்துக்கும் இடம் தரும் பகுதி வெளியிடப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் 'வாதம்' என்பது சித்தருக்கு உடலின் ஒரு தாது. பேச்சுவழக்கில் அதுவே பக்கவாதம், கீல்வாதம் எல்லாம். எண் கிடைத்ததால் மட்டும் இந்தக் குழப்பம் தீராது. எது எதோடு எப்படிச் சேரும் என்று எழுத, தமிழும் மருத்துவமும் அறிந்தவர்கள் வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் இந்தப் படிப்புக்குப் போகலாமே.

அதுவரை ஒன்று செய்வோம். பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, மொழிபெயர்ப்பதற்கு முன் "மயக்கம்னா எப்படி இருக்கு?" என்று ஒரு தரம் கேட்போம். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வைப்போம்.