அடைப்புக்குறிக்கு அப்பால்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பூஜை போட வரும் புது பைக்கைப் பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஒரு சிப்பில் ஓடும் நிரல்; இத்தகைய நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுபவை. பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலை வண்டிகளின் இரும்பையும் பெயின்ட்டையும் ரசிக்க ஆளுண்டு. உள்ளே ஓடும் நிரலில் மேக்ரோ பிழை திருத்திய கையையும் ரசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மேக்ரோ என்பது நிரலில் ஒரு பெயர் வரும் இடத்தில் ஒட்டப்படும் துண்டு வரி. அதற்குக் கணக்குத் தெரியாது. கொடுத்ததை அப்படியே ஒட்டத்தான் தெரியும். ‘இருமடங்கு(அ)’ என்பதை ‘அ * 2’ என்று எழுதிவிட்டு, ‘3 + 1’ கொடுத்தால் 8 வராது, 5 வரும். ‘3 + 1 * 2’ என்று விரிந்து, பெருக்கல் முந்திக்கொள்கிறது. ‘((அ) * 2)’ என்றால் தீர்ந்தது. வாகன நிரலுக்கென்று 1998இல் வந்த மிஸ்ரா சி விதித்தொகுப்பு, தன் 2012 பதிப்பில் 20.7ஆம் விதியாகவே இதைச் சொல்கிறது. அதற்காகக் கண்ட இடமெல்லாம் அடைப்பு தூவுவது நல்ல கை அல்ல. ‘##’ போட்டு இரு சொற்களை ஒட்டும் இடத்தில் அடைப்பு போட்டால் நிரல் கம்பைலே ஆகாது.

என்னைக் கட்டிப்போடுவது அடைப்புக்குறியால் தீராத பிழைதான். ‘((அ) > (ஆ) ? (அ) : (ஆ))’ என்று பெரியதைத் தேடும் மேக்ரோ. குறிகளெல்லாம் சரி. ஆனால் ‘அ’ இருமுறை வருகிறது. அங்கே ஹார்டுவேர் ரிஜிஸ்டர் ஒன்றைக் கொடுத்தால்? படித்தவுடன் தானே பூஜ்யமாகிவிடும் ரிஜிஸ்டர்கள் உண்டு. ஒப்பிடும்போது 9, எடுத்துத் தரும்போது 0. டீபக்கரில் திறந்து பார்த்தாலும் அந்த வாசிப்பே மதிப்பை அழித்துவிடலாம். துப்புத் தேட வந்தவரே தடயத்தை மிதித்த கதை. இந்தப் பிழையை நிரலை வாசித்தே பிடிப்பவர் கலைஞர்.

அவர் திருத்தம் சிறியது: ரிஜிஸ்டரை ஒரே முறை படித்து வேரியபிளில் வைப்பார். முடிந்தால் மேக்ரோவையே எடுத்துவிட்டு, சி மொழியின் 1999 தரத்தில் வந்த ‘ஸ்டாட்டிக் இன்லைன்’ ஃபங்ஷன் ஆக்குவார். ஃபங்ஷன் தனக்குக் கொடுத்ததை ஒருமுறைதான் மதிப்பிடும். பல வகை எண்களுக்கும் பொருந்த வேண்டிய லினக்ஸ் கெர்னலின் இத்தகைய மேக்ரோக்களோ, தற்காலிக வேரியபிளில் வாங்கிக்கொண்ட பிறகே ஒப்பிடுகின்றன. எனக்குப் பிடித்தது இன்லைன் வழி. அடுத்து வாசிப்பவருக்கும் அது எளிது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, சந்தேகம் வந்தால் ஜிசிசி கம்பைலரை ‘-ஈ’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். மேக்ரோ விரிந்த நிரல் அப்படியே கண்முன் வரும். முதலில் அதை வாசியுங்கள்.