‘மை பிரதர் நிகில்’ திரைப்படத்தில் சட்டமும் குடும்பமும்

முன்னுரை

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட தொடக்கக்கால முயற்சிகளுள் சில, அச்சத்தின் அடிப்படையில் அமைந்தவை. கோவாவில் டொமினிக் டிசோசா சிறைவைக்கப்பட்ட நிகழ்வு அவற்றுள் ஒன்று. அவரது வாழ்வைத் தழுவி ஓனிர் இயக்கிய ‘மை பிரதர் நிகில்’ என்னும் இந்தித் திரைப்படம் 2005ஆம் ஆண்டு வெளிவந்தது. வரலாற்றை அப்படம் எவ்வாறு மாற்றியமைத்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாறு

1989 பிப்ரவரியில் டொமினிக் கைது செய்யப்பட்டார். அவர்மீது குற்றம் ஏதுமில்லை, குருதியில் எச்.ஐ.வி. இருந்ததே காரணம். கோவா பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 64 நாள்கள் தனிமைப்படுத்தப்பட்டார். இதனை எதிர்த்து அவருடைய தாய் லூசி நீதிமன்றம் சென்றார். பொதுநலனுக்கு முன் தனிமனித உரிமை விட்டுக்கொடுக்க வேண்டும் எனக் கருதிய மும்பை உயர்நீதிமன்றம், தனிமைப்படுத்தும் அதிகாரத்தை 1989 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 1992இல் ‘பாசிட்டிவ் பீப்பிள்’ என்னும் அமைப்பை நிறுவிய டொமினிக், அவ்வாண்டே மறைந்தார்.

புனைவு

படத்தில் நிகில் ஒரு நீச்சல் வீரன். அவன் குளத்தில் இறங்கியதும் மற்றவர்கள் கரையேறுகின்றனர். உரையாடலின் துணையின்றியே தீண்டாமையின் புதிய வடிவத்தை இக்காட்சி உணர்த்திவிடுகிறது. நிகிலுக்கும் நைஜலுக்கும் இடையிலான காதலை விளக்கவோ மன்னிக்கவோ முற்படாமல் இயல்பாகக் காட்டியிருப்பதும் பாராட்டத்தக்கது.

ஆனால், பெற்றோர் நிகிலைக் கைவிடுகின்றனர். தமக்கை அனாமிகாவும் நைஜலும் மட்டுமே உடன் நிற்கின்றனர். உண்மையில் மகனுக்காக வழக்காடியவர் தாய். வரலாற்றில் குடும்பம் அரணாக நின்றது; கொடுமை சட்டத்திலிருந்து வந்தது. படமோ அக்கொடுமையின் பெரும்பகுதியை வீட்டுக்குள் கொண்டு வந்து வைக்கிறது. அதனால் இறுதியில் பெற்றோர் மனம் மாறும்போது பார்வையாளரின் மனமும் ஆறுதல் அடைகிறது. தந்தையின் கண்ணீர், சட்டத்தைப் பற்றிய வினாவை மறைத்துவிடுகிறது.

இவ்வினா இன்றியமையாதது. தொடுதலாலோ உடன் உண்பதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை. எனவே தனிமைப்படுத்துவதால் தொற்றுத் தடுப்புக்குப் பயனில்லை. மாறாக, சிறைக்கு அஞ்சுவோர் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். வராதோருக்குச் சிகிச்சையும் ஆலோசனையும் எட்டா. பாதிக்கப்பட்டோரின் உரிமையைக் காப்பதே தடுப்புப் பணிக்கும் அடிப்படை என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், பாதிக்கப்பட்டோரை ஒதுக்கித் தனிமைப்படுத்துவதைத் தடைசெய்கிறது. லூசி நீதிமன்றத்தில் கேட்ட நீதி சட்டமாவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அன்பின் வலிமையைக் காட்டியதில் ‘மை பிரதர் நிகில்’ வெற்றி பெற்றுள்ளது. எனினும், அன்பு மிக்க ஒரு வீட்டிலிருந்தும் மகனைச் சட்டம் பிரித்தெடுத்தது என்பதே டொமினிக்கின் வரலாறு. அவ்வரலாறு இன்னும் முழுமையாகத் திரைக்கு வரவில்லை எனலாம்.