சிறுதுளை அறுவையில் வழிகாட்டுக் கருவிகள்: பெருவிரல் கோணலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கால் பெருவிரல் மற்ற விரல்களின் பக்கம் சாய, அதன் அடிமூட்டு பாதத்தின் உள்விளிம்பில் முண்டாகப் புடைத்து நிற்கும் குறையைப் பெருவிரல் கோணல் என்பர். மருத்துவ நூல்கள் இதை ஹாலக்ஸ் வால்கஸ் எனக் குறிக்கின்றன. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில், பெருவிரலுக்கும் அதன் பின்னுள்ள முதல் பாத நீளெலும்புக்கும் இடைப்பட்ட கோணம் 15 பாகையையும், முதலிரு நீளெலும்புகளுக்கு இடைப்பட்ட கோணம் 9 பாகையையும் தாண்டினால் குறை உறுதியாகிறது. சிம்-ஃபுக், ஹாட்ஜ்சன் ஆகியோர் ஹாங்காங்கில் நடத்தி 1958இல் வெளியிட்ட ஆய்வு, காலணி அணிவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடமும், வெறுங்காலோடு வாழ்ந்தோரில் நூற்றுக்கு இருவர் அளவிலும் இதைக் கண்டது. ஆயினும் பரம்பரையாலும் முடக்குவாதத்தாலும் மூட்டுத் தளர்ச்சியாலும் இது வருவதால், குழித்தறியில் வெறுங்காலால் மிதிகட்டையை அழுத்தியும் கோயில் பிராகாரங்களைச் செருப்பின்றிச் சுற்றியும் பழகிய காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இது அந்நியமான நோய் என்று கொள்வதற்கில்லை.

அமெரிக்காவில் ஐஷாமும் ஆஸ்திரியாவில் போஷும் தொடங்கி, பின்னர் ரெட்ஃபெர்ன், வெர்னுவா ஆகியோர் திருகாணிகளால் உறுதிப்படுத்திய சிறுதுளை முறையில், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துளைகளின் வழியே, சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள சுழல் அரத்தால் (பர்) நீளெலும்பின் கழுத்து மூட்டுறைக்கு வெளியே அறுக்கப்படுகிறது. எலும்பின் தலைப்பகுதி வெளிப்புறமாக நகர்த்தப்பட்டு, இரண்டு திருகாணிகளால் பிணைக்கப்படுகிறது. மருத்துவர் எலும்பை நேரில் காண்பதில்லை. சி-ஆர்ம் எனும் நகரும் எக்ஸ்ரே கருவியின் நிழற்படமே அவருக்குக் கண். இங்கு கடினமானது முதல் திருகாணியின் பாதைதான்: நீளெலும்பின் உட்பக்கச் சுவரில் நுழைந்து, வெட்டுக்குச் சற்றுப் பின்னே வெளிப்பக்கச் சுவரைத் துளைத்து வெளிவந்து, இடம் மாறி நிற்கும் தலைக்குள் அது மீண்டும் புக வேண்டும். அதற்கு முன்னோடியாகச் செலுத்தும் கம்பி பிசகும் ஒவ்வொரு முறையும் சுவரில் இன்னொரு துளை விழுகிறது. துளைகள் பெருகினால் திருகாணியின் பிடிப்பு தளர்கிறது. தலையை நகர்த்திய இடத்திலேயே நிறுத்தி, கம்பி செல்லும் திசையையும் வரையறுக்கும் உலோகச் சட்டமே வழிகாட்டுக் கருவி. அறுவை அரங்கில் அதைக் கைடு என்றே சொல்கிறார்கள்.

கம்பியைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் தேவையை இக்கருவி குறைக்கக்கூடியது என்பதே அதற்குரிய முதன்மையான பெருமை. கம்பியின் ஒவ்வொரு முயற்சியையும் சி-ஆர்மில்தான் சரிபார்க்க வேண்டும். அது எத்தனை முறை இயங்குகிறதோ அத்தனை முறை கதிர்வீச்சு, மருத்துவரின் கைக்கும் செவிலியரின் உடலுக்கும் சேர்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நெறிகளின்படி அணியும் கதிரளவி அதைப் பதிவு செய்யுமே அன்றித் தடுக்காது. இம்முறையில் கை பழகச் சில பத்து அறுவைகளாவது தேவைப்படும் என்று ஆய்வுகள் காட்டுவதால், அப்பழகு காலத்தின் பிழைகளை நோயாளியின் காலில் விழாமல் காக்கும் எதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

குறைகள் இதைவிட ஆழமானவை. பெருவிரல் கோணல் பக்கவாட்டுச் சாய்வு மட்டும் அன்று. நீளெலும்பு தன் அச்சிலேயே உருண்டும் போயிருக்கும். பக்கவாட்டு நகர்வை மட்டும் ஆளும் கைடு அவ்வுருட்டலைத் திருத்தாமல் விட்டால், படத்தில் நேராகத் தெரியும் விரல் பின்னாளில் மீண்டும் சாய வாய்ப்புண்டு. சுழல் அரம் தன் தடிமன் அளவுக்கு எலும்பைத் தின்றுவிடுகிறது. அதை ஈடுகட்ட அரத்தை விரல் நுனியின் பக்கமாகச் சற்றே சாய்த்து அறுக்க வேண்டும், இல்லையேல் நீளெலும்பு குறுகி, சுமை இரண்டாம் விரலின் அடிக்கு மாறி, அங்கே புதிய வலி தொடங்கும். அறுத்த பின்னரே பொருத்தப்படும் கைடு இந்த இழப்பை மீட்காது. மேலும், மேசையில் படுத்திருக்கும் கால் உடல் எடையைத் தாங்குவதில்லை. நின்ற நிலைப் படத்தில் அளந்த கோணமும் மேசையில் எட்டிய கோணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே படத்தை இருவர் அளந்தாலே சில பாகைகள் வேறுபடும் நிலையில், கருவியின் துல்லியத்தைப் பற்றிய விற்பனைப் பேச்சை நிதானத்தோடு கேட்பதே முறை. கைடுகள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் திருகாணிகளோடு பிணைக்கப்பட்டு வருவதால், கருவியைத் தேர்ந்தவர் செலவையும் சேர்த்தே தேர்ந்தவராகிறார்.

இக்குறைகளை உணரும் பயிற்சிக்கு இடமுண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இத்தகைய கல்லூரிகளிடம் தனியார் அறுவை மையங்களிடம் இல்லாத ஒரு வளம், உடற்கூறியல் கூடம், இருக்கிறது. தானமாக வந்த உடலின் பாதத்தில் கைடு இன்றிக் கம்பியைச் செலுத்தி, பின் தோலை விலக்கி அது சென்ற வழியைக் கண்ணால் பார்த்த மாணவருக்கே, கைடு பிசகும்போது அது பிசகியது என்று தெரியும். கருவியை முதலில் பழகி எலும்பைப் பிறகு அறிவது தலைகீழான பயிற்சி.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூரிலும் கரிகிரியிலும் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களை ஆராய்ந்தபோது, பாதத்தின் அடியில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை முதன்மையாகக் கொண்டு, அதற்கேற்ற மென்ரப்பர் செருப்புகளை உருவாக்கினர். பாதத்தின் பயன்பாட்டை முன்வைக்கும் அந்த அளவுகோல் இங்கும் பொருந்தும். குந்தி உட்கார்ந்து எழுபவருக்குப் பெருவிரல் மேல்நோக்கி நன்றாக வளைந்தாக வேண்டும். நேராகி விறைத்துப்போன விரல் அவருக்குச் சுமை. மூட்டுக்கு வெளியே அறுக்கும் இம்முறை வளைவைக் காக்க இடந்தருகிறது என்பது அதன் உண்மையான சிறப்பு. ஆயினும் அறுவைக்குப் பின் சில வாரங்கள் கெட்டியான அடித்தளம் கொண்ட காலணியோடு நடக்கச் சொல்லும் அறிவுரை, வெறுங்காலால் மிதிகட்டையை அழுத்தும் நெசவாளருக்குத் தறியை விட்டு இறங்குவதற்கு, அதாவது கூலி இழப்புக்கு, ஒப்பாகும். ஆகவே கைடுகளை ஒப்பிடும் ஆய்வுகள் ஓராண்டுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயோடு, நோயாளி குந்தி எழ முடிகிறதா, மிதிகட்டையில் காலை வைக்க வலிக்கிறதா, எத்தனை வாரத்தில் தறிக்குத் திரும்பினார் என்பவற்றையும் பதிய வேண்டும்.