தேரூர்க் குளத்து இலைக்கோழி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும்போது சுசீந்திரம் குளத்தைப் பலரும் பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பார்கள். அது போதாது; இறங்கிக் கரையில் நிற்க வேண்டும். அப்படியே கவிமணி பிறந்த தேரூருக்கும் போக வேண்டும்.

இந்தக் குளங்களில் நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் வாத்துகள் எல்லாம் உண்டு. என் கண் தேடுவது நீளவால் இலைக்கோழியைத்தான். விரல்களும் நகங்களும் அவ்வளவு நீளம். எடை பரவிவிடுவதால் தாமரை இலைமேல் தரையில் நடப்பதுபோல நடந்து போகும். இனப்பெருக்கக் காலத்தில் பிடரியில் பொன்மஞ்சள், பின்னால் வளைந்து தொங்கும் கறுப்பு வால். பருவம் முடிந்தால் அந்த வால் உதிர்ந்துவிடும், ஆளே அடையாளம் தெரியாது. பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது சேவல். நம் குளத்துப் பறவைகளில் இதற்கு இணையான அழகு வேறில்லை என்பேன்.

மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம் பக்கம் போனால் உள்ளான் பறவைகளின் ராஜ்ஜியம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களுக்கு 2022-ல் சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. விடியற்காலையில் போங்கள், பைனாகுலர் இருந்தால் நல்லது. தாமரைக்குள் இறங்கிக் கூடுகளைக் கலைக்காதீர்கள். கரையில் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வராதீர்கள்.